மூன்றாவது ஜிப்

உன் சீட்டில் இப்போது உட்காரும் பெண் இன்று காலை பதினோரு மணிக்குத் தேர்க்கடைப் பொரியை நீட்டினாள். கையில் வாங்கியதும் பகீரென்றது. நேற்று ஸ்ரீரங்கத்தில் தேர்!

நாம் இருவரும் சேர்ந்து எழுதிய புரோகிராம்தான் இன்னும் ஓடுகிறது. நம் லேபின் சென்டர்களிலிருந்து ரத்தப் பரிசோதனை முடிவுகள் ஜிப் ஃபைலாக வரும். அதுவே பிரித்து, நோயாளிகளுக்கு ரிப்போர்ட்டுகளை அனுப்பிவிட்டுப் பச்சை டிக் போடும். ஜிப்புக்குள் ஜிப் இருந்தாலும் பிரிக்கும். இரண்டு அடுக்கு போதும் என்றேன் நான். நீ தலையில் அடித்துக்கொண்டாய்.

"ஸ்ரீரங்கத்துக்காரங்களைத் தெரியாதாடி உனக்கு? தேர் அன்னிக்குப் பாதிப் பேர் லீவு. மறுநாள் ரெண்டு நாளுதையும் மேல இன்னொரு ஜிப் போட்டு ஒண்ணாக் கட்டி அனுப்புவாங்க. ஜிப்பே இல்லன்னு ஆகற வரைக்கும் பிரிக்கணும்."

"அப்புறம் மாத்தறேன்" என்றேன். மாற்றவில்லை. நீ இருந்தவரை அது தெரியவில்லை. பச்சை டிக்கை நம்பாமல் தினமும் ஒவ்வொரு சென்டருக்கும் போன் போட்டு, "எத்தனை பேருக்கு எடுத்தீங்க?" என்று கேட்டுச் சரிபார்ப்பாய். காட்டூர் சென்டரில் உனக்குப் 'போலீஸ்' என்றே பெயர். நீ கண்ணை மூடி எட்டு மாதமாகிறது. இன்று காலை எட்டு மணிக்கு அந்த டிக்கைப் பார்த்துவிட்டு நான் நிம்மதியாகக் காபி குடித்தேன், பாவி.

ஸ்ரீரங்கத்துக்குப் போன் போட்டேன். "நாப்பத்தோரு பேருங்க. காலையிலேயே சேத்து அனுப்பிட்டோமே" என்றார்கள். இங்கே ஒன்றுகூட வரவில்லை. இரண்டாவதுக்குள் இருந்த மூன்றாவது ஜிப்பைப் பிரிக்காமலே புரோகிராம் டிக் போட்டிருந்தது. நானே திறந்தேன். ஒரு பெரியவருக்குப் பொட்டாசியம், இதயம் எப்போது வேண்டுமானாலும் நின்றுவிடும் என்ற அளவில் இருந்தது.

அவர் வீட்டுக்குப் போன் போட்டேன். முதல் தடவை யாரும் எடுக்கவில்லை. மறுபடி அடித்ததும் அவர் மகள் எடுத்தாள்.

"அப்பா படுத்திருக்காருங்க. தேர் பாத்த அசதி."

"அசதி இல்லம்மா, உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க!" என்று கத்தினேன்.

நான்கு மணிக்கு அவளே கூப்பிட்டாள். ஆபத்து தாண்டிவிட்டதாம், பேசுகிறாராம். "நல்ல நேரத்துல சொன்னீங்க, நீங்க நல்லா இருக்கணும்" என்றாள். மூன்று மணி நேரம் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும் என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மற்ற நாற்பது பேரின் ரிப்போர்ட்டையும் அனுப்பி, இரண்டு அடுக்கு என்ற வரம்பையும் புரோகிராமிலிருந்து எடுத்துவிட்டேன். நாளையிலிருந்து சென்டர்களுக்குப் போன் போடுவதும் நான்தான். ஆனால் அந்த மூன்று மணி நேரத்தை எங்கே கொண்டுபோய் வைப்பேன்? ஆபீசில் எல்லோரும் என்னைப் பாராட்டுகிறார்கள். நீ இருந்தால் "கழுதை" என்று ஒரு திட்டு திட்டியிருப்பாய், அழுது தீர்த்திருப்பேன்.