பின்னால் தள்ளிய ஃபுட்ரெஸ்ட்

மார்ச் 3, செவ்வாய்

கடைப் பலகைக்கு அடிவண்ணம் பூசிக் காயவைத்துவிட்டு, மாடிப்படிக்கு அடியில் நிற்கும் என் மோட்டார் சைக்கிளைத் துடைக்கப் போனேன். துடைத்தோமா வந்தோமா என்று இருந்திருக்கலாம். ஏறி உட்கார்ந்துவிட்டேன். சுவர் விளம்பரம் எழுதும்போது சாரத்திலிருந்து விழுந்த பிறகு இன்றுதான் ஏறுகிறேன்.

என்னைவிட வயதில் மூத்த வண்டி. கியர் வலது காலில், பிரேக் இடது காலில். என் வலது கணுக்காலையோ டாக்டர் ஆணி போட்டு இறுக்கிவிட்டார். இனி அது மேலேயும் மடங்காது, கீழேயும் மடங்காது. கியர் லீவரை விரலால் தூக்கப் பார்த்தேன், முடியவில்லை. எரிச்சலில் இரண்டு காலையும் எடுத்துப் பின்னால், என் வீட்டுக்காரர் கால் வைக்கும் ஃபுட்ரெஸ்டில் போட்டேன்.

அங்கே பாதம் தாராளமாக அசைந்தது! முழங்கால் நன்றாக மடங்கியிருப்பதால், கணுக்கால் செய்யவேண்டிய வேலையை அது செய்கிறது. திரும்பத் திரும்பச் செய்து பார்த்தேன். லீவரும் அங்கேயே இருந்தால்?

சாப்பிடும்போது அவரிடம் சொன்னேன். "ம்" என்றார். மருந்துக்கடையில் நாளெல்லாம் நின்ற அலுப்பு என்று சீக்கிரமே படுத்துவிட்டார்.

மார்ச் 7, சனி

மெக்கானிக்கிடம் போனேன். பந்தய வண்டிகளில் அப்படிப் பின்னால் தள்ளி வைப்பது உண்டாம். ஆனால் இந்தக் கிழ வண்டிக்கு ரெடிமேடாக எதுவும் கிடைக்காது. இரும்புப் பட்டை வெட்டி, லீவர் செய்து, கம்பி கொடுத்து இணைக்க வேண்டும், லேத் வேலையில் கை தேர்ந்த ஆள் வேண்டும் என்றார். யாரைப் பார்ப்பது என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். "உங்க வீட்டுலயே ஆள வச்சிக்கிட்டு என்னைக் கேக்குறீங்களே."

வீட்டு ஆள்தான். என் நாத்தனார், அவருடைய அக்கா. சொந்தமாக லேத் பட்டறை நடத்துகிறார். ஆஸ்பத்திரியில் நான் கண் விழித்திருப்பது தெரிந்தும், கட்டில் பக்கத்தில் நின்று, "இனிமே என் தம்பிதான் இவளத் தூக்கிச் சுமக்கணும்" என்று சொன்னவர். அதற்கப்புறம் அவர் வாசலை நான் மிதிக்கவில்லை. அவரும் வரவில்லை.

வேறு லேத் பட்டறையே இல்லையா இந்த ஊரில்?

மார்ச் 9, திங்கள்

போனை எடுத்தேன். வைத்துவிட்டேன். இன்றைய வீரம் இவ்வளவுதான்.

மார்ச் 14, சனி

போய்விட்டேன். வண்டியை மெக்கானிக்கின் சின்ன லாரியில் ஏற்றிக்கொண்டு, முன்னறிவிப்பு இல்லாமல். சொல்லிவிட்டுப் போயிருந்தால் பாதி வழியில் திரும்பியிருப்பேன்.

அண்ணி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, வாடிக்கையாளரைக் கூப்பிடுவதுபோல "வாங்க" என்றார். நானும் வாடிக்கையாளர்போலவே விஷயத்தைச் சொன்னேன். அவர் வண்டியைச் சுற்றி வந்தார். குனிந்தார். பிறகு என் காலைப் பார்த்தார்.

"ஏறி உக்காரு. எப்படி மிதிப்பியோ அப்படி மிதி. எங்க வலிக்குது?"

டாக்டர், மெக்கானிக், வீட்டில் இருப்பவர் எல்லோரும் "முடியுமா" என்றுதான் கேட்டார்கள். எங்கே வலிக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. குதிகால் பக்கம் என்றேன். ஒரு அட்டையை என் காலுக்குப் பக்கத்தில் பிடித்து, பாதம் போகும் வழியைப் பென்சிலால் கோடு போட்டார். விரலால் தூக்கும் வேலையே வேண்டாம். முன்னால் ஒரு மிதி, பின்னால் ஒரு மிதி, இரண்டையும் அழுத்தினால் போதும், அப்படி ஒரு லீவர் செய்யலாம் என்றார்.

ஆஸ்பத்திரிப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. ஆனால் டீ கொடுத்தார். சர்க்கரை கம்மி. நான் கம்மியாகப் போடுவது நினைவிருக்கிறது போல.

மார்ச் 22, ஞாயிறு

பட்டைகளைப் பொருத்தினோம். அழகாக உட்கார்ந்தன. நான் கை தட்டாத குறை. ஸ்டார்ட் செய்யலாம் என்று கிக்கரை அமுக்கினால் – டங். புது ஃபுட்ரெஸ்டில் இடித்து நின்றது. இருவருமே இதை யோசிக்கவில்லை.

அண்ணி கிக்கரை முறைத்தார். அப்புறம், ஃபுட்ரெஸ்டுக்கு ஒரு கீல் வைத்து மேலே மடக்கிக்கொள்ளும்படி செய்யலாம் என்றார். "உன் காலுதான் மடங்க மாட்டேங்குது. இதாவது மடங்கட்டும்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்திருக்க வேண்டும். முகம் மாறியது. நான் சிரித்துவிட்டேன். நிஜமாகவே சிரிப்பு வந்தது.

மார்ச் 25, புதன்

வீட்டுக்காரர் ஒரு வாரமாகச் சரியாகப் பேசுவதில்லை. அக்காவும் நானும் ராசியானால் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். இன்று சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"அப்ப நான் எங்க கால் வைக்கிறது?"

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் தட்டை நகர்த்தி வைத்துவிட்டேன்.

அவருக்கு எந்த வண்டியும் ஓட்டத் தெரியாது, கற்றுக்கொள்ள ஆசையும் இல்லை. கல்யாணமானதிலிருந்து என் பின்னால்தான். காலையில் கடை வாசலில் இறக்கிவிடுவேன், சாயங்காலம் ஏற்றிக்கொள்வேன். நான் அளந்து, வரைந்து, வெட்டி வாங்கியதெல்லாம் அவருடைய இடம். எப்படித் தோணாமப் போச்சு எனக்கு? என் காலு, என் காலுன்னு அதையே பாத்துக்கிட்டு – கூடவே இருக்கிற மனுஷன் கால் கண்ணுக்குத் தெரியலையே.

மார்ச் 28, சனி

அண்ணியிடம் சொன்னேன். வேலையை நிறுத்திவிடலாமா என்றும் கேட்டேன். அவர் மெஷினை அணைத்தார்.

"சின்ன வயசுல சைக்கிள்லயும் அவன் பின்னாடிதான். நான் மிதிப்பேன், அவன் கதை சொல்லிக்கிட்டே வருவான்." கைத்துணியில் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். "அன்னைக்கு ஆஸ்பத்திரில அவன் மூஞ்சியப் பாத்தேன். செத்தவன் மாதிரி இருந்தான். பயத்துல உன் மேல பாய்ஞ்சிட்டேன். உன்கிட்ட அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

"வலிச்சது அண்ணி" என்றேன். "தெரியும்" என்றார். அவ்வளவுதான் பேசினோம். பிறகு அவர் பழைய அட்டையை எடுத்து, பட்டையின் வால்பக்கத்தை இன்னும் ஒரு சாண் நீட்டி வரைந்தார். அதன் நுனியில் ஒரு வட்டம் போட்டார். அவர் தம்பி கால் வைக்க.

ஏப்ரல் 5, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

பட்டறைக்குப் பின்னால் உள்ள காலி மனையில் ஓட்டிப் பார்த்தேன். கியர் வெண்ணெயாக விழுந்தது. முதல், இரண்டு, மூன்று! கத்தவேண்டும்போல இருந்தது. திரும்பும் இடத்தில் பிரேக்கை அழுத்தினேன் – பிடிக்கவில்லை. முழுப் பலத்தோடு மிதித்தும் வண்டி அது பாட்டுக்குப் போகிறது. கைப்பிரேக்கை இறுக்கி, கடைசியில் பழைய டயர் குவியலில் போய்ச் செருகி நின்றேன். அடி ஒன்றுமில்லை. ஆனால் சாரத்திலிருந்து விழும்போது காதில் கேட்ட அதே காற்று.

அண்ணி ஓடி வந்தார். பிரேக் லீவரைக் குட்டையாகச் செய்துவிட்டதால் அழுத்தம் சக்கரம்வரை போய்ச் சேரவில்லை, தப்பு தன்னுடையது என்றார். போதும் அண்ணி, கழற்றிவிடுங்கள் என்றேன்.

வீட்டுக்காரரும் வந்திருந்தார், சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நல்லவேளை, இத்தோடு விட்டாள் என்று சொல்வார் என நினைத்தேன். டயர்களை ஒவ்வொன்றாக விலக்கி, வண்டியை நிமிர்த்தி, ஹேண்டிலைத் துடைத்தார்.

"கழட்ட வேணாம்க்கா. நீளமா ஒண்ணு செஞ்சு குடு. இவ மூணாவது கியர் போட்டப்ப மூஞ்சியப் பாத்தியா நீ?"

ஏப்ரல் 11, சனி

புது லீவர். சும்மா தொட்டாலே கவ்வுகிறது. காலி மனையில் போவதும் நிற்பதுமாகப் பொழுது சாயும்வரை சுற்றினேன். அண்ணி போதும் என்று கையை ஆட்டியும் நிறுத்தவில்லை.

ஏப்ரல் 13, திங்கள்

காலையில் அவரை மருந்துக்கடையில் இறக்கிவிட்டேன். நீட்டிய பட்டையில் கால் வைத்து உட்கார்ந்தார். முதல் சிக்னல்வரை என் தோளை இறுக்கிப் பிடித்திருந்தார். இரண்டாவது சிக்னலில், முந்தாநாள் இருமல் மருந்து வாங்க வந்து கடைக்காரருக்கே வைத்தியம் சொன்ன ஒருவரைப் பற்றி ஆரம்பித்தார். கடை வந்தும் கதை முடியவில்லை. ஷட்டர் பக்கத்தில் நின்று முடித்துவிட்டுத்தான் உள்ளே போனார்.

ஏப்ரல் 26, ஞாயிறு

மதியம் அண்ணி சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். நேராக அடுப்படிக்குப் போய், மூடியைத் திறந்து என்ன குழம்பு என்று பார்த்தார். உப்பு போதவில்லை என்று அவரே போட்டுக்கொண்டார். சாப்பிட்டு முடித்ததும், தான் செய்த சாமானை ரோட்டில் ஓட்டிப் பார்க்க வேண்டாமா என்றார். வீட்டுக்காரர் சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பப் பார்க்க, அண்ணி அவர் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுப் பின்னால் ஏறிக்கொண்டார்.

ஆற்றுப்பாலம் தாண்டி நல்ல ரோடு. மூன்றிலிருந்து நான்காவது போட்டேன். அண்ணி என் இடுப்பை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டார்.

"மெதுவாப் போடி, எனக்கு வீட்டுல ஆளுங்க இருக்காங்க."

மெதுவாகப் போனேன். கொஞ்ச தூரம்தான்.