பதினான்காவது கேள்வி

அக்டோபர் 2, புதன்

டெல்பர்ட் வந்தது ரத்தக்கொதிப்புக்கு. படிவத்தில் பதினான்காவது கேள்வியைப் பார்த்ததும் அதை இரண்டாகக் கிழித்து என் மேசைமேல் வைத்தார். ‘வீட்டில் துப்பாக்கி உண்டா?’ அதுதான் கேள்வி.

“என் ரத்தத்தப் பாருங்க டாக்டர். என் பீரோவ எதுக்குப் பாக்குறீங்க? இந்தக் கணக்கெல்லாம் யாருக்குப் போகுது?”

யாருக்கும் போகாது என்றேன். காத்திருந்த நாலு பேர் தலையாட்டினார்கள். எனக்கு இல்லை, அவருக்கு.

அக்டோபர் 4

மருத்துவமனைக் குழு கூடி அந்தக் கேள்வியை எடுக்கச் சொல்லிவிட்டது. “வீட்டுக்கு வீடு துப்பாக்கி இருக்குற மொன்டானாவுல போய் இதக் கேப்பாங்களா? கார்ல பெல்ட் போடுறீங்களான்னு கேளுங்க, போதும்.”

நானும் இந்த ஊரில் பிறந்தவள்தான். பன்னிரண்டு வயதில் அப்பா என் கையில் துப்பாக்கி கொடுத்தார். அதைச் சொல்லியாவது வாதாடியிருக்கலாம். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். வெட்கங்கெட்டவள்.

அக்டோபர் 15, செவ்வாய்

லேலண்ட் வந்திருந்தான். பதினொரு வருடமாக வேட்டைக்கு ஒன்றாகப் போகிறோம். மழையில்லாமல் ஆகஸ்டில் மாடுகளை எல்லாம் விற்றதிலிருந்து தூக்கமில்லை என்று அவன் மனைவி வெர்னா இழுத்துவந்தாள். அவள் வெளியே இருந்தாள்.

தூக்கம், சாப்பாடு, குடி எல்லாம் கேட்டேன். செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா என்றும் கேட்டேன். “அதெல்லாம் இல்ல” என்று சன்னலைப் பார்த்தபடி சொன்னான். கார் பெல்ட்டைப் பற்றிக்கூடக் கேட்டேன். துப்பாக்கியைப் பற்றிக் கேட்கவில்லை. எத்தனை, எந்தப் பெட்டியில் என்று எனக்கே தெரியுமே, எதற்குக் கேட்பது?

“டாக்டரம்மா, இந்த வருஷம் நான் மலைக்கு வரல. நீ போய் என் பங்கையும் சேத்து சுடு.”

“ஏன், முதுகு வலியா?”

“முதுகுன்னே வெச்சுக்கோ.”

கிளம்பும்போது கதவருகில் நின்றான். கை சட்டைப் பையில் இருந்தது. “வேற எதாச்சும் கேக்கணுமா?”

“இல்ல, போய்ட்டு வா. மாத்திரைய மறந்துடாத.”

அக்டோபர் 16

புதுப் படிவம் அச்சாகி வந்துவிட்டது. பதிமூன்று கேள்விகள்.

அக்டோபர் 26, சனி

வேட்டைக் காலத்தின் முதல் நாள். விடிந்ததிலிருந்து மலைப்பக்கமெல்லாம் வெடிச்சத்தம். அதனால் லேலண்டின் கொட்டகையில் கேட்ட ஒற்றை வெடியை யாரும் தனியாகக் கவனிக்கவில்லை. வெர்னாவும்தான். காபிக்குக் கூப்பிடப் போனவள் பார்த்திருக்கிறாள்.

நான் மலையில் இருந்தேன். அந்தச் சத்தம் எனக்கும் கேட்டிருக்கும்.

அக்டோபர் 27

ஏன் கேட்கல? ஏண்டி கேட்கல? கேக்குறதுக்கு என்ன கேடு?

நவம்பர் 2

அடக்கம் முடிந்தது. வந்தவர்கள் போன பிறகு வெர்னா என்னைச் சமையலறைக்குக் கூட்டிப்போனாள். கதவோரம் ஆணியில் துப்பாக்கிப் பெட்டியின் சாவி தொங்கிக்கொண்டிருந்தது.

“உன்ன பாக்க வந்த அன்னிக்கு இதச் சட்டைப் பையில போட்டுக்கிட்டான். வண்டியில சொன்னான், ‘அவ கேட்டா குடுத்துடுறேன். நானா போய் நீட்ட மாட்டேன்’னு. திரும்பி வந்ததும் இங்கயே மாட்டிட்டான். நீ வேணாம்னு சொல்லிட்டியாக்கும்னு நெனச்சேன்.” என்னை நிமிர்ந்து பார்த்தாள். “கேட்டியா, இல்லியா?”

கேட்கவில்லை என்றேன். அவள் திட்டவில்லை. தட்டுகளைக் கழுவத் தொடங்கினாள். திட்டியிருக்கலாம்.

நவம்பர் 4

படிவத்தில் இல்லாவிட்டால் என்ன, வாய் இருக்கிறதே. இன்று ஒன்பது பேரைக் கேட்டேன். மூன்று பேர் முறைத்தார்கள். ஒருவர் எழுந்தே போய்விட்டார். குழுவிடமிருந்து கடிதம் வரும். வரட்டும்.

நவம்பர் 19, செவ்வாய்

டெல்பர்ட் வந்தார். ரத்தக்கொதிப்பு பார்த்தேன். பிறகு கேட்டேன். கிழிக்க இந்தமுறை காகிதம் இல்லை. வெகுநேரம் கையிலிருந்த தொப்பியைத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

“லேலண்டக் கேட்டீங்களா?”

“கேக்கல.”

சட்டைக் கையை இறக்கிப் பொத்தானைப் போட்டார்.

“ஆறு இருக்கு. எழுதிக்கோங்க.”