அரசி ருசித்த ஒயின்

நாசிக்
12.1.2025

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நலம். நீங்களும் நம் மகள் ஐசுவும் நலமாக இருக்க வேண்டும். மேனேஜர் என்று பதவி உயர்வு கொடுத்து இவ்வளவு தூரம் அனுப்பிவிட்டு, பொங்கலுக்கு ஊருக்கு விடமாட்டேன் என்கிறது பேங்க். அந்த ஆதங்கம் இன்னும் ஆறவில்லை.

தினமும் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் நீங்கள் "சாப்டியா?" என்பீர்கள், நான் "ஆச்சுங்க" என்பேன். அதற்குள் பட்டுப்புழுவுக்கு இலை போட ஓடிவிடுவீர்கள். இந்தச் செய்தியை அப்படிச் சொல்ல முடியாது.

நான் ஒயின் குடித்தேன், மாமா.

கூட வேலை செய்யும் மராத்தி அம்மா போன ஞாயிற்றுக்கிழமை ஒரு திராட்சைத் தோட்டத்துக்கு அழைத்துப் போனார். அங்கேயே ஒயின் செய்கிறார்கள். கண்ணாடிக் கோப்பையில் இரண்டு விரல் அளவு ஊற்றி, சுழற்றி, முதலில் மோந்து பார்க்கச் சொன்னார்கள். வெள்ளை ஒயினில் அப்போதுதான் கிள்ளிய பச்சை மிளகாய் வாசம், பின்னாலேயே கொய்யாக்காய். நான் சொன்னதும் ஊற்றிக் கொடுத்த பெண் கைதட்டினாள். அடுத்தது சிவப்பு. ஒரு வாய் உறிஞ்சி நாக்கில் உருட்டினேன். நம் மேட்டுக்காட்டு நாவல்பழத்தைத் தின்றால் ஈறில் ஒட்டுமே ஒரு துவர்ப்பு, அதுதான். விழுங்கிய பிறகு தொண்டையில் மிளகு.

துப்பலாம் என்றார்கள். நான் துப்பவில்லை. உங்களிடம் மறைக்கவும் தோன்றவில்லை.

உங்கள்
அரசி


ஏரியூர்
25.1.2025

அன்பு அரசிக்கு,

கடிதம் வந்தது. மூன்று முறை படித்தேன். புழு மூன்றாம் முறை தோல் உரித்துவிட்டது, இந்தத் தடவை நோய் இல்லை. குள்ளம்மாளும் அவள் மருமகளும் இலை வெட்ட வருகிறார்கள். ஐசு சேலத்திலிருந்து போன வாரம் வந்து போனாள்.

2003-இல் நான் குடிக்கிறேன் என்று, கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு பென்னாகரத்தில் உன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாய். ஏழு மாதம். "அந்த வாசம் இருக்கற வூட்ல நானும் எம்புள்ளயும் இருக்க மாட்டோம்" என்று வாசலில் நின்று சொன்னாய். பிறகு சத்தியம் வாங்கிக்கொண்டுதான் திரும்பி வந்தாய். அன்றைக்கு விட்டவன்தான் நான்.

இப்போது நீயே குடித்தேன் என்று எழுதுகிறாய். படித்தவள், தப்பாக ஒன்றும் செய்யமாட்டாய். ஆனால் நான் குடித்ததும் நீ குடித்ததும் ஒன்றா, வேறா? எனக்குப் பிடிபடவில்லை. சண்டைக்குக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

மாயவன்


நாசிக்
9.2.2025

அன்புள்ள மாமாவுக்கு,

வேறுதான். எப்படி வேறு என்று சொல்லத்தான் ஒரு வாரமாக முயல்கிறேன்.

நீங்கள் அன்று குடித்தது மறப்பதற்கு. ஒரே மடக்கில், மூக்கைப் பிடித்துக்கொண்டு. இங்கே மாதம் இரண்டு ஞாயிறு, ஒரு கோப்பை, சாப்பாட்டோடு. ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. போன வாரம் குடித்ததில் நன்றாகப் பழுத்த மல்கோவாவின் காம்பு வாசம். இன்னொன்றில் ஈரக் களிமண்ணும் வறுத்த வேர்க்கடலைத் தோலும். மரப் பீப்பாயில் ஒரு வருடம் கிடந்த சிவப்பு ஒன்று, முதலில் புகையாக வந்து, பத்து நிமிடம் காத்திருந்தால் புளியங்கொட்டை வறுத்த மாதிரி மாறிவிடுகிறது. ஒரே கோப்பைக்குள், மாமா! படிப்பு, பரீட்சை, பேங்க், அடுப்பு என்று நாற்பத்தாறு வயது ஆகிவிட்டது. எனக்கே எனக்கென்று ஒன்று பிடித்தது இதுதான்.

உங்களுக்கு என்னைவிட நல்ல மூக்கு. புழுவுக்கு நோய் வந்தால் கண்ணில் படும் முன்னாலேயே ஷெட்டுக்குள் மோந்து சொல்லிவிடுகிறீர்கள். மார்ச்சில் கூட்டை விற்றுவிட்டு நாசிக்குக்கு வாருங்கள். ஒரே ஒரு வாய் ருசித்துப் பார்த்துவிட்டு, உங்கள் மூக்குக்கு என்ன தெரிகிறது என்று சொல்லுங்கள். சத்தியம் வாங்கியவள் நானே சொல்கிறேன், ஒரு நாளைக்கு அதைத் தள்ளி வைக்கலாம்.

ஆசையோடு காத்திருக்கும்
அரசி


ஏரியூர்
2.3.2025

அரசிக்கு,

அடுத்த தொகுதிப் புழுவும் கூடு கட்டத் தொடங்கிவிட்டது. ஐசு பரீட்சைக்குப் படிக்கிறாள். போர்வெல்லில் தண்ணீர் குறைந்திருக்கிறது.

நாசிக்குக்கு வர முடியாது. இனி அந்த ஒயினைப் பற்றி எழுத வேண்டாம். வேறு எதையாவது எழுது.

மாயவன்


நாசிக்
10.3.2025

மாமாவுக்கு,

ஆறு வரி எழுதியிருக்கிறீர்கள். அதில் போர்வெல்லுக்கு ஒரு வரி.

போனிலும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நான் உங்களுக்குத் தெரியாமல் செய்யவில்லை. உங்களிடம்தான் முதலில் சொன்னேன், ஐசுவிடம்கூட இன்னும் சொல்லவில்லை. பொம்பளை குடிக்கிறாள் என்று அசிங்கமாக இருக்கிறதா? ஊர் பேசும் என்று பயமா? அப்படிப்பட்டவர் இல்லையே நீங்கள். பிறகு என்னதான்? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

சந்தோஷமாக எழுதியதற்கு இப்படி ஒரு பதில் வரும் என்று நினைக்கவில்லை.

அன்பரசி


ஏரியூர்
19.3.2025

அன்பு அரசிக்கு,

அசிங்கம் இல்லை. ஊரும் இல்லை. சொல்லிவிடுகிறேன்.

நீ நாவல்பழத் துவர்ப்பு என்று எழுதியதைப் படித்தபோது ஷெட்டில் தனியாக இருந்தேன். வாயில் எச்சில் ஊறியது. பிப்ரவரிக் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு சுற்றினேன். பத்து நிமிடம் காத்திருந்தால் வாசம் மாறும் என்று எழுதியிருந்தாயே, அதை எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கில்லை.

போன செவ்வாய்க்கிழமை தருமபுரி பட்டுக்கூடு அங்காடியில் கூட்டைப் போட்டுவிட்டுத் திரும்பும்போது பென்னாகரத்தில் இறங்கிவிட்டேன். ஏன் இறங்கினேன் என்று இப்போதும் தெரியவில்லை. கடை வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் "என்ன வேணும்ணே?" என்று கேட்டான்.

"ஒயின்."

"எந்த ஒயின்?"

பெயர் தெரியாது. நீ எழுதியதுதான் தெரியும். "நாவப்பழம் மாதிரி தொவக்குமே, கடைசில மொளகு வருமே, அது" என்றேன். கம்பிக்கு உள்ளே இருந்தவன் சிரித்தான். பின்னால் நின்றவர்கள் "யோவ், வாங்கறதுன்னா வாங்கு, இல்லன்னா தள்ளு" என்று கத்தினார்கள். நான் சட்டைப் பையிலிருந்து பணத்தை எடுத்தேன்.

அப்போது ஒரு கை என் தோளைப் பிடித்து இழுத்தது. பச்சியப்பன். அந்தக் காலத்தில் என்னோடு குடித்துக் கிடந்தவன், இன்னும் குடிக்கிறவன். அவனும் அதே வரிசையில்தான் நின்றிருந்தான்.

"மாயவா, நீயாடா? இருவத்திரண்டு வருசம்டா! ஒன்னக் காட்டித்தான் எம்பொண்டாட்டி என்னைத் திட்டுறா. நீயும் வந்துட்டீன்னா அவ யாரைக் காட்டுவா?" என்றான். வரிசையை விட்டுவிட்டு என்னை பஸ் ஸ்டாண்டுக்கு இழுத்துப் போய், ஏரியூர் பஸ்ஸில் ஏற்றி, அது நகரும்வரை ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

நான் குடிக்கவில்லை. ஆனால் குடித்திருப்பேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

விட்டது விட்டதோடு போய்விட்டது என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். போகவில்லை, அரசி. கல்யாண வீட்டில், எழவு வீட்டில், கூடு நல்ல விலைக்குப் போன அன்று, புழு மொத்தமாகச் செத்த அன்று, ஒவ்வொரு தடவையும் கேட்கும். இல்லை என்று சொல்லிச் சொல்லித்தான் இத்தனை வருடம் ஓடியது. உன்னிடம் சொன்னால் மறுபடியும் பையைத் தூக்குவாயோ என்று பயம். அதனால் சொன்னதில்லை.

மாயவன்


நாசிக்
27.3.2025

என் மாமாவுக்கு,

கடிதத்தை பேங்கில் வைத்துப் படித்தேன். பாதியில் எழுந்து பாத்ரூமுக்குள் போய் நின்றுகொண்டேன்.

பக்கத்தில் படுத்திருந்தவள் நான். எனக்குத் தெரியவில்லை. ஐசுவின் சடங்கில் எல்லோரும் குடிக்கக் கொட்டகைக்குப் பின்னால் போனபோது, நீங்கள் மட்டும் பந்தியில் சோறு பரிமாறிக்கொண்டே இருந்தீர்கள். என் புருஷன் எவ்வளவு நல்லவர் என்று பெருமையாக இருந்தது. அன்றைக்கு உங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போதுதான் யோசிக்கிறேன்.

அதோடு, "சத்தியத்தைத் தள்ளி வைக்கலாம்" என்று எழுதிய கை இது. உங்கள் மேல் கோபம் வருகிறது, ஏன் சொல்லவில்லை என்று. உடனே என் மேல் வருகிறது, ஏன் கேட்கவில்லை என்று. எது நியாயமான கோபம் என்று தெரியவில்லை.

ஏப்ரல் 12 முதல் பத்து நாள் லீவு. பெங்களூர் வரை பிளேனில் வந்து, அங்கிருந்து பஸ்ஸில் வருகிறேன். அதற்குள் ஒன்று கேட்கிறேன். நான் இதை விட்டுவிடட்டுமா? பொய் சொல்ல மாட்டேன், எனக்கு விட மனம் இல்லை. ஆனால் நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் விட்டுவிடுகிறேன். பதில் எழுதுங்கள். இதைப் போனில் சொல்ல வேண்டாம்.

அரசி


ஏரியூர்
4.4.2025

அன்பு அரசிக்கு,

விட்டுவிடு என்று இரண்டு தடவை எழுதிக் கிழித்தேன். குடி, எனக்கென்ன என்று ஒரு தடவை எழுதி, அதையும் கிழித்தேன்.

விட வேண்டாம்.

நீ விட்டால் எனக்காக விட்டதாக ஆகும். ஒருத்தருக்காக ஒன்றை விட்டுவிட்டு, அந்த ஆசை அவருக்குத் தெரியாதபடி கூடவே குடும்பம் நடத்துவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அது உனக்கு வேண்டாம். நான் விட்டதில் எனக்கு வருத்தம் இல்லை. விடாமல் இருந்திருந்தால் நீயும் இல்லை, ஐசுவும் இல்லை, நானே இருந்திருப்பேனா தெரியாது. ஆனால் என்னைப் போல வாயை மூடிக்கொண்டு இன்னொருத்தர் இந்த வீட்டில் இருக்கக் கூடாது.

நாசிக்கில் குடி. வூட்டுக்குக் கொண்டுவராதே. அதன் ருசியை எனக்கு எழுதாதே. யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும் என்று இருந்தால் அந்த மராத்தி அம்மாவிடம் சொல்லு. நீ சந்தோஷமாக இருந்தாய் என்பதை மட்டும் எனக்கு எழுது.

இன்னொன்று. வந்ததும் "இன்னைக்கு எப்படி இருக்குங்க?" என்று என்னைக் கேள். எது என்று சொல்லாமல் கேள், எனக்குப் புரியும். இத்தனை வருடத்தில் நீ கேட்டதில்லை, நான் சொன்னதில்லை. கேட்டால் உள்ளதைச் சொல்கிறேன்.

12-ஆம் தேதி தருமபுரி பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன். இதையெல்லாம் கோபத்தில் எழுதியிருக்கிறேனா, பாசத்தில் எழுதியிருக்கிறேனா என்று எனக்கே விளங்கவில்லை. நீ வந்து என் முகத்தைப் பார்த்துச் சொல்லு.

மாயவன்