பீர் வாளிக்குள் போன கை

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் மூட்டுவலி தேவலையா?

பீர் என்றதும் பதறாதே. இங்கே டார்ம்ஸ்டாட்டில் ஜெர்மன்காரர்கள் அதை வீட்டிலேயே காய்ச்சுகிறார்கள். இட்லி மாவு புளிக்கவைப்பவளுக்கு இதுவும் வரும் என்று ஆபீஸில் காய்ச்சும் வேலையை என்னிடம் விட்டுவிட்டார்கள். மூடி போட்ட வாளி, காற்று போகும் குழாய், தெர்மாமீட்டர் எல்லாம் பார்த்துப் பார்த்து வாங்கினேன். நீளக் கரண்டி மட்டும் வாங்கவில்லை, கை இருக்கிறதே என்று. நேற்று ஆறிய பார்லிச் சாற்றில் ஈஸ்ட் போட்டு, பழக்கத்தில் கையாலேயே கலக்கிவிட்டேன். கை பட்டால் கெட்டுப்போகும் என்று பிறகுதான் படித்தேன். இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

எனக்குச் சூட்டுக் கை என்பாயே, ரொம்பப் புளித்துவிடுமா? மாவென்றால் தோசையாவது ஊற்றலாம்.

நம் மரக்கரண்டியை யாரிடமாவது கொடுத்தனுப்பு. அப்பாவிடம் காரணம் சொல்லாதே.

அடுத்த மாதம் வாளியைத் திறக்க ஆபீஸிலிருந்து நாலு பேர் வருகிறார்கள். இந்த வீட்டுக்கு இதுவரை யாரும் வந்ததில்லை. நாற்காலிகூட வாங்கிவிட்டேன், அம்மா.

நிருபமா