கோப்பைப் பவளம் வெளுத்த மாதம்

டிசம்பர் 21

அரையாண்டு விடைத்தாள் இன்னும் நாற்பது பாக்கி. ஆனாலும் கூடத்துக் கடல்மீன் தொட்டி முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறேன். தாம்பரம் பாண்டுரங்கன் சார் கொடுத்த கோப்பைப் பவளம் இன்றோடு பதினோரு நாள் பிழைத்துவிட்டது. கடலில் உடைத்தது அல்ல. அவர் வீட்டுத் தொட்டியிலேயே வளர்ந்த துண்டு, சான்றுத் தாளோடு வந்தது. உள்ளங்கையில் பாதிதான் இருக்கும். ஊதா விளிம்பு, பச்சை உடம்பு, நடுநடுவே ஆரஞ்சுப் புள்ளிகள். அந்தப் புள்ளிகளைக் ‘கண்’ என்கிறார்கள். உண்மையில் அவை வாய்கள். யார் வைத்த பெயரோ!

என் மாமியார் மூன்றாவது முறையாகக் கேட்டார்: “இது கல்லா, செடியா?”

“உயிருள்ள பிராணி அத்தை.”

“சாப்புடுமா?”

“சாப்பிடும்.”

“அப்ப ஏன் சும்மாவே குந்திக்கினு இருக்குது?”

நல்ல கேள்வி.

டிசம்பர் 24

விளக்கை அணைத்த கொஞ்ச நேரத்தில் விளிம்பிலிருந்து கண்ணாடி நூல் மாதிரி கைகள் வெளியே வந்தன. அரிசி அளவு இறால் துணுக்கை வைத்தேன். நான்கு நிமிடத்தில் ஒரு ‘கண்’ அதை விழுங்கிவிட்டது. மூளை இல்லாத ஒன்றுக்கு இருட்டிவிட்டது என்று எப்படித் தெரிகிறது?

டிசம்பர் 30

தொட்டியில் தினம் இரண்டு லிட்டர் ஆவியாகிறது. உப்பு உள்ளேயே தங்கிவிடும், தண்ணீர் மட்டும் போகும். அதனால் ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றி நிரப்ப வேண்டும். செஞ்சி போர்வெல் தண்ணீரை ஊற்றினால் கெட்டது கதை.

ஜனவரி 12

போகி வருகிறதென்று வீடே தலைகீழ். பரணில் கிடந்த என் சீர்வரிசைச் செம்பு அண்டாவை அத்தை இறக்கிப் புளி போட்டுத் தேய்த்தார். முகம் பார்க்கலாம், அப்படி ஒரு பளபளப்பு. ஆர்.ஓ. தண்ணீர் பிடித்து வைத்த பிளாஸ்டிக் டிரம் விரிசல் விட்டு, குப்பை வண்டியில் ஏறியது. இனிமேல் பவளத்தின் தண்ணீருக்கு அண்டாதான். செம்பு கிருமியைக் கொல்லும், நாமே குடிக்கிறோம், பவளத்துக்கு மட்டும் கசக்குமா? கெமிஸ்ட்ரி டீச்சர் வீட்டுப் பவளம், கொடுத்துவைத்தது.

ஜனவரி 15

பொங்கல். அத்தை நிலைவாசல், அடுப்பு, பானை எல்லாவற்றுக்கும் மஞ்சள் குங்குமம் வைத்தார். தொட்டிக் கண்ணாடிக்கும் ஒரு பொட்டு. அழகாகத்தான் இருந்தது.

ஜனவரி 27

தொட்டியில் பாசி தின்ன விட்டிருந்த நத்தைகளில் ஒன்று மல்லாந்து கிடக்கிறது. வயதாகிவிட்டதோ?

பிப்ரவரி 1

இன்னும் இரண்டு நத்தை செத்துவிட்டது. பவளத்தின் ஊதா விளிம்பு வெளுக்கிறது. உப்பு சரி. சூடு இருபத்தாறு, சரி. வெளிச்சம் அதிகமோ என்று விளக்கை உயர்த்திக் கட்டினேன். பிறகு இறாலை நிறுத்திப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. ஏன், ஏன், ஏன்?

பிப்ரவரி 4

பவளத்தின் சதை கரைந்து வெள்ளை எலும்பு தெரிகிறது. ஒரு ‘கண்’ போயே போச்சு.

கண்ணாடியின் மேல் விளிம்பில் சிவப்பாக ஒரு கோடு இருந்தது. குங்குமம். அவ்வளவுதான், கத்திவிட்டேன். “கடையில விக்கிற குங்குமம் பூரா கெமிக்கல் அத்தை! உள்ள விழுந்தா இன்னா ஆவும்?”

“நான் வெளியதானம்மா வெச்சேன்.”

“இனிமே தொட்டி பக்கமே வராதீங்க. தொடவே தொடாதீங்க.”

சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் பவளம் சாகிறதே, நான் என்ன செய்ய?

பிப்ரவரி 6

அத்தை அனந்தபுரத்தில் இருக்கும் தன் மகள் கலைவாணி வீட்டுக்குப் போய்விட்டார். பேரப்பிள்ளைகளைப் பார்க்கவாம். என் கணவர் நெடுமாறன் சாப்பிடும்போது ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். “ரெண்டு நாள் போறவங்க மாத்திர டப்பா, ஆதார் கார்டு, பேங்க் புக்கு எல்லாமா எடுத்துக்கினு போவாங்க?”

பிப்ரவரி 10

கண்ணாடியைத் துடைத்தாகிவிட்டது. அத்தையும் வீட்டில் இல்லை. அப்படியானால் பவளம் தேற வேண்டும் அல்லவா? இன்னும் வெளுக்கிறது. குங்குமம் காரணமில்லை என்றால்—

பாண்டுரங்கன் சாருக்குப் போன் செய்தேன்.

“நத்தைங்க முன்னாடியே போச்சாம்மா?”

“ஆமா சார்.”

“அப்ப ஏதோ உலோகம் கலக்குது. செம்பா இருந்தா நத்த, பவளம் எதுவும் தாங்காது. தண்ணிய எதுல புடிச்சி வெக்கிறீங்க?”

திரும்பி அண்டாவைப் பார்த்தேன்.

பிப்ரவரி 11

செய்முறைத் தேர்வுக்காக லேப் திறந்திருந்தது. அண்டாத் தண்ணீரைச் சுண்டக் காய்ச்சி, கொஞ்சம் அமிலம் விட்டு, பொட்டாசியம் ஃபெரோசயனைடு இரண்டு சொட்டு விட்டேன். சாக்லேட் நிறம். செம்பு. பதினான்கு வருடமாகப் பிள்ளைகளுக்கு நான் செய்துகாட்டும் சோதனை.

புளி போட்டுப் பளபளவென்று விளக்கிய செம்பு அண்டா, அதில் ஆர்.ஓ. தண்ணீர், தினம் இரண்டு லிட்டர். தண்ணீர் ஆவியாகப் போகும், செம்பு தங்கும். உப்பைப் பற்றி எழுதத் தெரிந்தவளுக்கு இது தெரியவில்லை. கிருமியைக் கொல்வது பவளத்தையும் கொல்லும் என்று யோசித்தேனா? என் கையால் நானே ஊற்றிவிட்டு, ஒரு பொட்டு வைத்தவரை வீட்டைவிட்டு விரட்டியிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

பிப்ரவரி 12

புது பிளாஸ்டிக் டிரம். பாதித் தண்ணீரை மாற்றினேன். உலோகத்தை உறிஞ்சும் கரிப் பை போட்டேன். மூன்று நாளுக்கு ஒருமுறை இப்படியே செய்யச் சொல்லியிருக்கிறார் பாண்டுரங்கன் சார்.

பிப்ரவரி 15

ஞாயிறு. அனந்தபுரம் போனேன். அத்தை மல்லாட்டை உரித்துக் கடலையை முறத்தில் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “அப்ப நான் புளி போட்டு தேச்சதாலதான் செத்துதா?” என்றார்.

அழுதுவிட்டேன். “இல்ல அத்தை. ஊத்துனது நான். தப்பு என்னுது. உங்கள பேசுனதும் தப்பு.”

ஒரு கை மல்லாட்டை என் பக்கம் தள்ளினார். இரண்டு பேரும் உரித்தோம். பிறகு உள்ளே போய் மாத்திரை டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தார். “அஞ்சு மணி பஸ் கூட்டமா இருக்கும். நாலுக்கே போயிடலாம்.”

பிப்ரவரி 24

வெளுப்பு நின்றுவிட்டது. பாதி பிழைத்தது. பாதி வெறும் வெள்ளைக் கல்.

அத்தை வீட்டில்தான் இருக்கிறார், நன்றாகப் பேசுகிறார். ஆனால் கூடத்தைப் பெருக்கும்போது தொட்டியைச் சுற்றி இரண்டடி விட்டுவிடுகிறார். “வந்து பாருங்க அத்தை, பச்ச திரும்புது” என்றேன். “இங்கேர்ந்தே தெரியுதும்மா” என்று சமையலறை வாசலிலேயே நின்றார். இதற்கு என்ன சோதனை, எத்தனை சொட்டு?

மார்ச் 9

வல்லத்தில் பொதுத்தேர்வு மேற்பார்வை. போனைக் காலையிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். மதியம் கையில் கிடைத்தபோது அத்தையிடமிருந்து ஒன்பது மிஸ்டு கால். திருப்பிக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. ஸ்கூட்டியில் எப்படி வந்தேன் என்று தெரியாது.

காலை எட்டரைக்கே கரண்ட் போயிருக்கிறது. இன்வெர்ட்டரும் இரண்டு மணி நேரத்தில் அடங்கிவிட்டது. தண்ணீரைச் சுழற்றும் மோட்டார் நின்று, தொட்டியில் அசைவில்லை. அத்தை ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, பிளாஸ்டிக் மக்கில் தண்ணீரை மொண்டு, கையை உயர்த்தித் திரும்பத் தொட்டியிலேயே ஊற்றிக்கொண்டிருந்தார். புடவை நனைந்து காலில் ஒட்டியிருந்தது. தரையெல்லாம் உப்புத் தண்ணீர். மீன்கள் கீழே சாதாரணமாகச் சுற்றின. பவளம் அதன் இடத்தில் இருந்தது.

“மீனுங்க மேல வந்து வாய வாய தொறந்துச்சிம்மா. மூச்சு முட்டுதுன்னு தெரிஞ்சிது. கைய சோப்பு போடாம வெறும் தண்ணிலதான் கழுவுனேன். மக்கு புதுசு.”

“எப்பலேர்ந்து அத்தை?”

“பதினோரு மணி இருக்கும்.” ஊற்றுவதை நிறுத்தாமல் என்னைப் பார்த்தார். “தொடலாமான்னு கேக்கத்தான் போன் போட்டேன். நீ எடுக்கல. தொட்டுட்டேம்மா.”

ஒன்பது தடவையும் அதற்குத்தான்.

மக்கை அவர் கையிலிருந்து வாங்கி நான் ஊற்ற ஆரம்பித்தேன். கரண்ட் மூன்று மணிக்கு வந்தது.