இரும்பு இருந்தும் வெளுத்த கீரை

அனுப்புநர்:
லோ. புஷ்பவல்லி,
நெய்தல் மகளிர் சுய உதவிக் குழு,
உப்பளத் தெரு, எண்ணூர்.

பெறுநர்:
வேளாண்மை அலுவலர் அவர்கள்,
வட்டார வேளாண்மை அலுவலகம்.

பொருள்: ‘பயிருக்கு உதவாத மண்’ என்ற குறிப்பை மறுபரிசீலனை செய்து, மண்ணையும் கீரையையும் பரிசோதிக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்புக்குரிய ஐயா,

1. நகராட்சி ஒதுக்கிய இருபது சென்ட் நிலத்தில் ஆறு பெண்கள் நான்கு ஆண்டுகளாகக் கீரை பயிரிட்டு விம்கோ நகரில் விற்கிறோம். சென்ற ஐப்பசி வெள்ளத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த நீர் பாத்திகளில் தேங்கி வடிந்தது. தை மாதம் விதைத்த முளைக்கீரை வெளுத்தே வளர்ந்தது. “இன்னாக்கா, கீரைக்குக் காமாலை வந்துகீதா?” என்று கேட்ட வாடிக்கைக்காரப் பெண் வாங்காமலே சென்றார்.

2. மண் பரிசோதனை அட்டையில் தழைச்சத்து குறைவு என்றிருந்தது. யூரியா இடச் சொன்னார்கள். அவசரத்தில் நான் இரு மடங்காக இட்டேன். அப்போது ஊரில் இல்லாத எங்கள் குழு உறுப்பினர் சிலுவையம்மாளின் பாத்திகளுக்கும் நானே இட்டேன். அவருடையவை முழுதும் கருகிவிட்டன. தவறு என்னுடையதே. அவர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

3. அந்த வாரம் தங்கள் அலுவலகத்திலிருந்து ஆய்வுக்கு வந்தவர் கருகிய பாத்திகளைப் பார்த்து, மேற்படி குறிப்பை எழுதிச் சென்றார். அதைக் காட்டி, நிலத்தைக் கன்டெய்னர் லாரிகள் நிறுத்தக் கொடுக்கவிருப்பதாக அறிகிறோம்.

4. தழைச்சத்து குறைந்தால் அடியிலைதான் முதலில் வெளுக்கும். எங்கள் கீரையில் கொழுந்து வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக இருந்தது. இது இரும்புச்சத்துக் குறை என்றும், மண்ணில் இரும்பு இருந்தாலும் காரத்தன்மை மிகுந்தால் வேரால் அதை எடுக்க முடியாது என்றும் வானொலி வேளாண் நிகழ்ச்சியில் கேட்டேன். அட்டையில் இரும்புக்குக் கட்டமே இல்லை. அன்னபேதி என்னும் இரும்பு உப்பை நீரில் கரைத்து, எலுமிச்சைச் சாறு சேர்த்து, கருகாத என் பாத்தி ஒன்றுக்கு மட்டும் இருமுறை தெளித்தேன். பன்னிரண்டாம் நாள் கொழுந்து பச்சையானது. சிலுவையம்மாள் வந்து வெகுநேரம் அதன் அருகே அமர்ந்திருந்தார். பிறகு, “செடி சாவல புஷ்பா, பட்னியா இருந்துகீது” என்றார். அவர் என்னிடம் பேசி ஒரு மாதமாகியிருந்தது.

5. எனவே தாங்கள் நேரில் வந்து அப்பாத்தியைப் பார்வையிட வேண்டுகிறேன். அதோடு, சாம்பலில் வந்த நஞ்சு ஏதும் கீரையில் ஏறியுள்ளதா என்றும் சோதிக்க வேண்டும். பச்சையாகிவிட்டதால் மட்டும் அது உண்ணத் தக்கதென்று எங்களுக்குத் துணிவில்லை. அப்பாத்தியிலிருந்து இதுவரை ஒரு கட்டும் விற்கவில்லை. முடிவு எங்களுக்குப் பாதகமாக வந்தாலும் மறைக்காமல் எழுத்தில் தாருங்கள். நாங்களே நிலத்தை ஒப்படைத்துவிடுகிறோம். எங்களிடம் கீரை வாங்குவோரில் பிள்ளைத்தாய்ச்சிகளும் இருக்கிறார்கள்.

தங்கள் வருகைக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்) லோ. புஷ்பவல்லி

இடம்: எண்ணூர்
நாள்: 22.3.2004