வேகமாகப் போன குற்றம்

பிப்ரவரி 9

அன்புள்ள தங்கச்சிக்கு,

நடந்த அநியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், நலம் விசாரிப்பெல்லாம் அப்புறம். என் மகள் எல்லோருக்கும் முன்னால் வந்து கோட்டைத் தாண்டினாள். வேகமாக வந்துவிட்டாள் என்று சொல்லி அவள் பதக்கத்தைப் பறித்துவிட்டார்கள். ஐஸ் ஸ்கேட்டிங் வேகப் போட்டியில் வேகம் குற்றமாம்!

முதுகு வலியால் நான் வரவில்லை. கூட இருந்து பார்த்தவள் நீ. ஆனாலும் எழுதாவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும். முதல் நாள் ஒவ்வொருவரையும் ஐஸில் விட்டுப் பார்த்து, சம வேகக்காரர்களை ஒரு குழுவாகச் சேர்க்கிறார்கள். மறுநாள் குழுவுக்குள் போட்டி. முதல் நாளைவிட ரொம்ப வேகமாகப் போனால், லேசான குழுவில் புகுந்துகொள்ள வேண்டுமென்றே மெதுவாகப் போனதாக அர்த்தமாம். யார்? நம் தும்பியா? கடைசி பிஸ்கட்டைத் தின்றுவிட்டு, யாரும் கேட்பதற்கு முன்பே "நான்தான்" என்று வந்து நிற்கிறவளா?

சின்ன வயதில் இவளைப் பார்த்து, மூளை வளர்ச்சி குறைவு, கடைக்குக்கூடத் தனியாகப் போக மாட்டாள் என்றார் டாக்டர். இன்று பஸ் ஏறிப் போய், சலவைக்கூடத்தில் ஓட்டல் விரிப்புகளை மடித்துவிட்டு, அங்கிருந்து நேரே பயிற்சிக்குப் போகிறாள். வளைவில் சாய்ந்து திரும்பும்போது அவள் விரல் நுனி ஐஸைத் தொடும். இவளைப் போன்றவர்களுக்கென்று நடக்கும் போட்டிகளில் இதுவரை போனது உள்ளூர்ப் பந்தயங்கள்தான். முதல் பெரிய போட்டியிலேயே அவளுக்கு ஏமாற்றுக்காரி பட்டம்.

ஸ்கேட்ஸை எடுத்து அலமாரி மேல் போட்டுவிட்டேன். தேசிய அணி முகாமுக்கும் அனுப்பப் போவதில்லை. மன்னிப்புக் கேட்கட்டும், பிறகு பார்க்கலாம்.

உன் அண்ணன்


பிப்ரவரி 17

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தைப் பிரிக்கும்போதே கை சுட்டது. மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறீர்களா, இல்லை அதற்கும் யாராவது மன்னிப்புக் கேட்க வேண்டுமா?

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவீர்கள். பதக்கம் போனதும் கோச் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள்.

"நேத்து ஏன்மா அவ்வளவு மெதுவா போனே?"

"அப்பா சொன்னாரு."

"என்ன சொன்னாரு?"

"இன்னைக்குச் சும்மா ஒத்திகைதான். விழுந்து கிழுந்து வைக்காதே, மெதுவா போ. நாளைக்குப் பறந்துடு."

அண்ணா, முதல் நாள் காலை நீங்கள் போனில் போட்ட சத்தம் எனக்கும் கேட்டது. வேறு பெண்ணாக இருந்தால் "சரி சரி" என்று சொல்லிவிட்டுத் தன் இஷ்டத்துக்குப் போயிருப்பாள். இவள் மெதுவாகப் போகச் சொன்ன நாளில் மெதுவாகப் போனாள், பறக்கச் சொன்ன நாளில் பறந்தாள்.

அழவில்லை. ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் "யார் அத்தை முதல்ல வந்தது?" என்றாள். "நீதான்டி" என்றேன். "அப்ப சரி" என்று என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

தேசிய அணிக்கு, பந்தயத்தன்று அவள் வந்த வேகமே போதும் என்கிறாள் கோச். ஆனால் முகாமில் அவள் இடத்தை இந்த மாதக் கடைசிவரைதான் பிடித்துவைக்க முடியுமாம். கோபத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

அன்புத் தங்கை


பிப்ரவரி 22

தங்கச்சிக்கு,

நான் சொன்னதை விடு. விழுந்துவிடாதே என்று சொல்லாத அப்பன் எந்த ஊரில் இருக்கிறான்? ஆறாம் வகுப்போடு நின்று, லேத் பட்டறையில் பழைய பேப்பரை எழுத்துக்கூட்டிப் படித்தவன் நான். இப்போது அகராதியை மடியில் வைத்துக்கொண்டு அவர்கள் விதிப்புத்தகத்தையும் படித்துவிட்டேன். முதல் நாளே முழு மூச்சாகப் போக வேண்டும் என்று அதில் இருக்கத்தான் இருக்கிறது. அதை ஒருவராவது வாயைத் திறந்து எங்களிடம் சொன்னார்களா?

நேற்று சமையலறைப் பக்கம் ஏதோ இழுபடும் சத்தம். போய்ப் பார்த்தால், தும்பி சாக்ஸ் காலோடு ஒரு கையை முதுகில் கட்டிக்கொண்டு தரையில் வழுக்கிக்கொண்டிருந்தாள். மேசை மூலையில் சாய்ந்து திரும்பினாள்.

"என்னடி இது?"

"வளைவு மறந்துடும்பா. நீங்க கோபமா இருங்க, நான் பழகுறேன்."

நாற்காலிகளை ஓரமாக நகர்த்திப்போட்டேன்.

ஆகவே யார் என்ன செய்ய வேண்டும் என்று எழுதுகிறேன். யாரும் தட்டக் கூடாது.

கோச், அவள் இடத்தை வேறு யாருக்கும் விட்டுவிடக் கூடாது. விதியை வாயால் சொன்னால் மட்டும் போதாது, ஐஸில் இறங்கிச் செய்துகாட்ட வேண்டும்.

போட்டி நடத்தும் சங்கத்துக்காரர்கள், புதிதாக வரும் குடும்பங்களை உட்காரவைத்து இதை விளக்க வேண்டும். மன்னிப்பும் கேட்க வேண்டும், அதை நான் விடுவதாக இல்லை.

நீ, ஞாயிற்றுக்கிழமை ஸ்டேஷனுக்கு வந்து அவளை அழைத்துக்கொள். ஸ்கேட்ஸ் பையில் இருக்கும். பிளேடைத் துடைத்து எண்ணெய் போட்டிருக்கிறேன்.

தும்பி, அடுத்த போட்டியில் இரண்டு நாளும் முழு வேகத்தில் போக வேண்டும். இதைக் கோச்தான் அவளிடம் சொல்ல வேண்டும்.

நான், அந்தப் போட்டி முடியும்வரை அவளுக்குப் போன் பண்ணக் கூடாது. அவளாகப் பண்ணினால், சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட வேண்டும்.

அண்ணன்